குழந்தையின் விருத்தியை வீட்டிலேயே கவனித்துப் பதிவது எப்படி: வன்னிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் முன்பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், மூன்றரை வயதில் ஒரு பெண் பிள்ளை வந்து சேர்ந்தாள். கையைப் பிடித்தால் சிரிப்பாள், மற்றப் பிள்ளைகள் எழுந்தால் தானும் எழுவாள், பாட்டு நடக்கும்போது அவர்களைப் பார்த்துப் பார்த்துக் கையை அசைப்பாள். ஆனால் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். அவள் சொல்லக்கூடிய சொற்கள் நாலைந்துக்கு மேல் இல்லை. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர், ரீச்சர்" என்று அவளுடைய அப்பம்மா சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டு, ஒரு தவணை முழுவதையும் போகவிட்டேன். பிறகு செவிப் பரிசோதனை செய்தபோது இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. ஒரு வயதுக்கு முன்பே அறிந்திருக்கக்கூடிய ஒன்றை அவளைத் தினமும் கண்ட பெரியவர்கள் எவரும் காணவில்லை. கடைசி மூன்று மாதங்கள் என் கண் முன்னாலேயே கழிந்தன. அந்தப் பிழையின் கனம் குறையவில்லை. இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

பிள்ளை வளர்கிறதா என்று கேட்டால் நாம் பெரும்பாலும் நிறையைத்தான் சொல்கிறோம். கிளினிக் நாளில் நிறை பார்த்து வளைகோட்டில் புள்ளி இடுகிறார்கள். அந்தப் புள்ளி பச்சையில் விழுந்தால் தாய் நிம்மதியோடு வீடு திரும்புகிறாள். ஆனால் நிறையோடு சேர்ந்து இன்னும் நான்கு இழைகள் வளர வேண்டியிருக்கின்றன: தலை நிற்பதில் தொடங்கி ஓடுவது வரையான உடலசைவு, பற்றுவதில் தொடங்கி எழுதுவது வரையான கைத்திறன், கேட்டு விளங்கிக் கதைக்கும் மொழி, முகம் பார்த்துச் சிரித்து மற்றவரோடு சேரும் பழக்கம். பிறந்தவுடன் வைத்தியசாலையில் தரப்படும் பிள்ளையின் பதிவேட்டில், அதாவது நாம் கிளினிக் கொப்பி என்று சொல்வதில், தடுப்பூசிக்கும் நிறைக்கும் பக்கங்கள் இருப்பதுபோல் இந்த விருத்திப் படிகளுக்கும் இடம் உண்டு. பல வீடுகளில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. அதை நிரப்புவதற்கு வீட்டில் இருப்பவர்களை விடத் தகுதியானவர் வேறு எவரும் இல்லை, ஏனென்றால் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊரில் நாம் மிட்வைப் மிஸ் என்று அழைப்பவர், பிள்ளையைச் சில நிமிடங்களே காண்கிறார். நீங்கள் இரவும் பகலும் காண்கிறீர்கள்.

மாதம் எண்ணிப் பிள்ளையைப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுவார்கள். ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் இருந்தபடி இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடை நடந்து வரும் வருகை என்று மரபாகக் கணக்குச் சொல்வார்கள். இன்றைய குழந்தை மருத்துவம் தரும் கணக்கோடு இவை பெருமளவு பொருந்திப் போவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விடயம். உற்றுப் பார்த்தவர்கள் பாடியிருக்கிறார்கள்.

முதலில் வயதும் திகதியும்

எந்தப் படியையும் ஒப்பிடும் முன்னர் பிள்ளையின் வயதைச் சரியாகக் கணக்கிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த திகதியிலிருந்து எண்ணினால் கணக்குப் பிழைக்கும். கர்ப்ப காலத்தில் குறித்துத் தரப்பட்ட எதிர்பார்த்த பிரசவத் திகதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை எட்டு மாதத்தில் ஆறு மாதப் பிள்ளையின் செயல்களைச் செய்தால் அது சரியாகவே வளர்கிறது. இந்தத் திருத்தத்தை இரண்டு வயது வரை செய்துகொள்ளலாம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு இல்லை. அது பிறந்த திகதியின்படியே போடப்படும்.

அடுத்தது எழுதி வைப்பது. எப்போது தவழ்ந்தான் என்று கேட்டால் நம் தாய்மார் "வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல்", "காலபோக வெட்டு நேரம்" என்று சொல்வார்கள். அது நல்ல ஞாபகம்தான், ஆனால் இரண்டாம் பிள்ளை பிறந்தவுடன் எந்தப் பொங்கல், எந்த வெட்டு என்பது குழம்பிவிடும். ஆகவே பிள்ளை ஒன்றை முதன்முதலாகச் செய்த அன்றே திகதியை எழுதுங்கள். ஒரு தடவை தற்செயலாகச் செய்ததை எழுதிவிட்டு, அது வழக்கமாக வந்த நாளையும் பக்கத்தில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் அரை நிமிடக் காணொளி எடுத்து வைப்பது இன்னும் நல்லது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ விடியற்காலையில் பஸ் ஏறி வைத்தியசாலைக்கு வந்து, வெயிலில் வாடி, பசித்து, புதிய முகங்களைக் கண்டு அழும் பிள்ளை அங்கே எதையும் செய்து காட்டாது. வீட்டில் எடுத்த காணொளி அதற்காகப் பேசும்.

தலை நிற்பது முதல் நடப்பது வரை

உடலசைவு தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். முதலில் கழுத்து, பிறகு முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில் கால் என்ற ஒழுங்கில் பலம் வரும். நான்கு மாதம் முடியும்போது தூக்கி நிமிர்த்திப் பிடித்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும். நான்கு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் பெரும்பாலான பிள்ளைகள் உடம்பு பிரட்டத் தொடங்கும். அதன் பின்னர் வரும் படிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், ஐக்கிய அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து அவதானித்து 2006 இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி பிடிமானம் இன்றி இருப்பது ஏறத்தாழ 4 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடையில் எப்போதும் வரலாம். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது 5 மாதத்துக்கும் பதின்மூன்றரை மாதத்துக்கும் இடையில் வரலாம். தனியே நடப்பது 8 மாதத்துக்கும் பதினேழரை மாதத்துக்கும் இடையில் வரலாம். இவ்வளவு அகலமான கால எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டதே என்று பதினொரு மாதப் பிள்ளையின் தாய் கலங்க வேண்டிய தேவை இராது. அதே ஆய்வில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. இருந்தபடி அரைந்தோ, நேரே எழும்பி நின்றோ நடையைப் பிடித்துக்கொண்டன. ஆகவே தவழாமல் நடக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் எல்லையின் கடைசி முனையையும் மறக்கக்கூடாது. ஒன்பது மாதம் முடிந்தும் தனியே இருக்காத பிள்ளையையும், பதினெட்டு மாதம் முடிந்தும் தனியே நடக்காத பிள்ளையையும் கட்டாயம் காட்ட வேண்டும்.

இந்தப் பலம் வருவதற்கு நிலம் வேண்டும். நம் வீடுகளில் ஏணை பெரிய உதவி. வயலுக்கோ கூலி வேலைக்கோ போய்வந்து சமைக்கும் தாய்க்கு அது இன்னொரு கை போன்றது. ஆனால் விழித்திருக்கும் நேரமும் ஏணைக்குள்ளேயே கழிந்தால் பிள்ளை கையை ஊன்றவும் தலையைத் தூக்கவும் இடம் கிடைக்காது. நித்திரைக்கு மல்லாக்கக் கிடத்த வேண்டும். விழித்திருக்கும்போது, ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க, தடுக்கிலோ பாயிலோ குப்புறக் கிடத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட, இன்னும் நகராத பிள்ளைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 30 நிமிடங்களாவது இப்படிக் குப்புறக் கிடக்கும் நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. ஒரே தடவையில் கொடுக்கத் தேவையில்லை. மூன்று நிமிடம், ஐந்து நிமிடமாகப் பிரித்துக் கொடுக்கலாம். முதல் நாட்களில் பிள்ளை சிணுங்கும். தாய் தானும் குப்புறப் படுத்து முகத்துக்கு நேரே முகம் கொடுத்தால் அது தலையைத் தூக்கும். ஒரு மாதப் பிள்ளைக்குத் தாயின் முகத்தை விடச் சிறந்த விளையாட்டுப் பொருள் கடையில் இல்லை.

நடை பழக்குவதற்கென்று சில்லுப் பூட்டிய இருக்கை வோக்கர்களை வாங்கிக் கொடுப்பது இப்போது பரவியிருக்கிறது. அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவை நடையை விரைவுபடுத்துவதில்லை, சில பிள்ளைகளில் பிந்தவும் செய்கின்றன. விறாந்தைப் படியில் கவிழ்வதும் அடுப்படிக்கு ஓடிச் சேர்வதும் அவற்றால் நேரும். கனடா 2004 இல் அவற்றின் விற்பனையையே தடை செய்துவிட்டது. பின்னால் நின்று பிடித்துத் தள்ளும் மர நடைவண்டி நல்லது. அதுவும் இல்லாவிட்டால் வாங்கின் விளிம்பைப் பிடித்து நடக்கும் பிள்ளை தானாகவே நடையைக் கற்றுக்கொள்ளும்.

கை சொல்லும் செய்தி

பிறந்த பிள்ளை கையைப் பொத்தி வைத்திருப்பது இயல்பு. மூன்று, நான்கு மாதத்தில் விரல்கள் விரிந்து, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே சந்தித்து விளையாட வேண்டும். ஆறு, ஏழு மாதத்தில் ஒரு கையில் இருக்கும் கிலுக்கை மறு கைக்கு மாற்றும். பிறகு ஒன்பது மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறியதைக் கிள்ளி எடுக்கும் திறன் வரும். இதைச் சோதிக்கத் தட்டில் நாலு சோற்றுப் பருக்கைகளை வைத்தால் போதும். உள்ளங்கையால் வாரி எடுக்கிறதா, நுனி விரல்களால் கிள்ளி எடுக்கிறதா என்று பாருங்கள்.

முதல் பல் முளைத்தவுடன் நாம் செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு இதைக் கவனிக்க ஒரு நல்ல நாள். பிள்ளையை இருத்தி, தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் கொப்பி, பேனை, நகை என்று பரப்பி வைப்போம். பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்த்து டொக்டரா, எஞ்சினியரா என்று மகிழ்வோம். இனிமேல் எதை எடுக்கிறது என்பதோடு எந்தக் கையால், எப்படி எடுக்கிறது என்பதையும் பாருங்கள். தானே நிமிர்ந்து இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா? வலப்பக்கம் கிடப்பதை எடுக்கவும் இடக்கையே வருகிறதா? ஒரு வயதுக்கு முன்னர் பிள்ளை எப்போதும் ஒரே கையைப் பாவித்தால் "இவன் வலக்கைக்காரன்" என்று பெருமைப்படுவது வழக்கம். ஆனால் அந்த வயதில் இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வேலை செய்ய வேண்டும். ஒரு கை மட்டும் முன்னே வருவது மறு கையின் பலவீனத்தைக் காட்டும் அடையாளமாக இருக்கலாம். பலர் அறியாத அடையாளம் இது. இதைக் கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் சொல்லுங்கள்.

காதும் கதையும்

இங்கேதான் நாம் அதிகம் தவறவிடுகிறோம். நடக்காத பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். கேளாத பிள்ளை கண்ணில் படாது. கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் "ங்கா" என்று குரல் எழுப்பும், சிரிக்கும், அழும். அதனால் காது கேட்கிறது என்று வீட்டார் உறுதியாக நம்பிவிடுவார்கள். வித்தியாசம் தெரியத் தொடங்குவது ஆறு மாதத்துக்குப் பிறகுதான். கேட்கும் பிள்ளை அப்போது மெய்யும் உயிரும் சேர்த்து "பாபாபா", "தாதாதா", "மாமாமா" என்று அடுக்கத் தொடங்கும். கேளாத பிள்ளையில் இந்த அடுக்கு வராது, அல்லது வெகுவாகப் பிந்தும். பத்து மாதம் ஆகியும் இப்படிப்பட்ட அடுக்கு மழலை கேட்கவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளையைத் தாய் மடியில் நிமிர்த்தி வைத்திருக்க, முன்னால் ஒருவர் சிறிய பொருள் ஒன்றைக் காட்டிப் பார்வையைப் பிடித்துவைத்து, பிறகு அதை மறைத்துவிட வேண்டும். அப்போது பின்னால், பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், காதிலிருந்து ஒரு கை தூரத்தில் மூன்றாமவர் கிலுக்கை மெதுவாக அசைக்க வேண்டும், அல்லது கோப்பைக்குள் கரண்டியை உரச வேண்டும். பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா என்று இரண்டு பக்கமும் வெவ்வேறு நேரத்தில் பாருங்கள். கதவை அடிப்பதும், பலமாகக் கைதட்டுவதும், சட்டியைத் தட்டுவதும் சோதனை ஆகாது, ஏனென்றால் அதிர்வையும் காற்றையும் நிழலையும் உணர்ந்து கேளாத பிள்ளையும் திடுக்கிடும். வீட்டுச் சோதனையில் திரும்பியது என்பதற்காகச் சந்தேகத்தை விட்டுவிடவும் வேண்டாம். ஒரு காதில் மட்டும் குறை இருந்தாலோ, சில ஒலிகள் மட்டும் கேளாவிட்டாலோ இது காட்டாது. பிறந்தவுடன் மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த பிள்ளை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளை, நெருங்கிய உறவில் பிறவியிலேயே கேளாதவர் இருக்கும் பிள்ளை ஆகியோருக்கு அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் செவிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கேட்கும் பிள்ளை எப்படிக் கதைக்கு வருகிறது என்பதைப் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள். ஆறு கிழமை முதல் எட்டுக் கிழமைக்குள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று மாதம் முடிந்தும் சிரிக்காவிட்டால் காட்ட வேண்டும். ஒன்பது மாதமளவில் பெயர் சொன்னால் திரும்பும், துணியால் முகத்தை மூடித் திறந்தால் சிரிக்கும், தெரியாதவர் தூக்கினால் அழும். அந்த அழுகை நல்ல அறிகுறி. உறவினர் கோபிக்க வேண்டியதில்லை. ஒரு வயதளவில் முதல் சொல் வரும், கையசைத்து விடைகொடுக்கும். அதையொட்டி ஒரு விரலை நீட்டிக் காட்டத் தொடங்கும். இந்தச் சுட்டுதலை நான் சொல்லுக்கும் மேலாக மதிக்கிறேன். தண்ணீர் வேண்டும் என்று சுட்டுவது ஒன்று. வானத்தில் நிலவைச் சுட்டிவிட்டு, நீயும் பார்க்கிறாயா என்று தாயின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது, தான் கண்டதை மற்றவரோடு பகிரும் விருப்பம். பதினெட்டு மாதத்திலும் எதையும் சுட்டிக் காட்டாமல், அழைத்தால் திரும்பாமல், கண்ணோடு கண் பார்க்காமல் தன்பாட்டில் இருக்கும் பிள்ளையை, காது நன்றாகக் கேட்டாலும், குழந்தை நல வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும். மற்றவரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் ஓட்டிசம் என்னும் விருத்தி வேறுபாடு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பதினாறு மாதத்திலும் ஒரு சொல்லும் இல்லை என்றாலோ, இரண்டு வயதிலும் "அம்மா வா", "பால் தா" போல இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்லவில்லை என்றாலோ காத்திருப்பதற்கு நியாயம் இல்லை.

"ஆண் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்பதும், "தகப்பனைப் போல" என்பதும் முற்றிலும் பொய் அல்ல. ஆண் பிள்ளைகள் சராசரியில் சற்றுப் பிந்துவதும், பேச்சுப் பிந்துவது குடும்பத்தில் தொடர்வதும் உண்மைதான். ஆனால் அந்தப் பிந்துதல் சிறியது, மேலே சொன்ன எல்லைகளுக்குள் அடங்குவது. எல்லை கடந்த பின்னர் இந்தச் சொற்கள் ஆறுதலாக இருக்கலாம். காரணமாக இருக்க முடியாது. தகப்பன் ஏன் பிந்தினார் என்று அந்தக் காலத்தில் எவரும் பரிசோதித்ததும் இல்லை, இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் பரிசோதிக்க வசதியும் இருக்கவில்லை. நாக்கு விளங்குவதற்கென்று வசம்பு உரைத்துத் தடவுவதாலும் பேச்சு வருவதில்லை. அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் வேண்டாம். ஒரு வயதுக்கு முன்னர் தேன் எந்த அளவிலும் கொடுக்கக்கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிறு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கவல்லது.

பேச்சைக் கொடுப்பது பேச்சுத்தான். பெரிய காணிகளில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் நம் கிராமங்களில், தாய் வேலைக்குப் போய்விட, ஒரு பிள்ளை நாள் முழுவதும் ஓர் அம்மம்மாவோடு மட்டும் இருக்க நேர்கிறது. யுத்தத்தில் பிள்ளைகளை இழந்த அந்த அம்மம்மாவுக்குக் கதைக்கவே மனம் வராத நாட்களும் இருக்கும். அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. செய்யும் வேலையையே சொல்லிக்கொண்டு செய்தால் போதும்: "இப்ப அரிசி கழுவுறம், பார், தண்ணி வெள்ளை, கோழிக்குக் கொஞ்சம் போடுவமா?" என்று கேட்டு, பிள்ளை "ஊ" என்றால் அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள். சாய்ந்தாடுதல், கைவீசுதல், உள்ளங்கையில் நண்டு ஊர்தல் போன்ற மடி விளையாட்டுகள் கேட்டுக் காத்திருந்து சிரிக்கும் முறைமாற்றத்தைப் பழக்குகின்றன. கதைப்பது என்பதே அந்த முறைமாற்றம்தான். கைத்தொலைபேசியில் கார்ட்டூன் போட்டுச் சோறு தீத்துவதால் அது நிகழ்வதில்லை. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம், அதற்குப் பின்னும் ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பெரியம்மா காணொளியில் அழைத்துப் பெயர் சொல்லிக் கொஞ்சுவது வேறு. அங்கே பதில் சொல்லும் ஒரு முகம் இருக்கிறது, தாயும் பக்கத்தில் இருந்து பேச்சை நடத்துகிறாள்.

மூன்று வயதும் அதற்கு மேலும்

மூன்று வயதில் பிள்ளை கதைப்பதில் பெரும்பகுதி வெளியாருக்கும் விளங்க வேண்டும். "மரம்" என்பது "மயம்" ஆவது குறை அல்ல. ர, ற, ழ போன்ற ஒலிகள் பிந்தியே திருந்தும். படி ஏறுகிறதா, கட்டை அடுக்குகிறதா என்று விருத்திப் பட்டியல்கள் கேட்கும். நம் வீடுகளில் மாடிப்படி இல்லை, ஆகவே கோயில் படியில் கையைப் பிடித்து ஏற்றிப் பாருங்கள். கட்டைக்கு வெறும் நெருப்புப்பெட்டிகள் போதும், ஒன்றரை வயதில் மூன்று, இரண்டு வயதில் ஆறு அளவில் அடுக்கும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும் வயதில் பிள்ளையால் தானாக வரையக்கூடியது ஒரு வட்டம்தான். கூட்டல் குறி நான்கு வயதளவிலும், சதுரம் நான்கரையளவிலும், முக்கோணம் ஐந்து வயதளவிலும் வரும். சாய்கோடு வராத கைக்கு "அ" வராது. மூன்று வயதில் எழுத்து எழுதவில்லை என்று பிள்ளையை அதட்டும் பெற்றோரையும், அதற்கு இசைந்து கொப்பி நிறைய எழுதவைக்கும் முன்பள்ளிகளையும் கண்டு நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். முற்றத்து மணலில் விரலால் கீறவிடுங்கள், மாவு பிசையவிடுங்கள். விரல் பலம் அங்கேதான் வருகிறது.

ஒவ்வொரு படியும் ஓர் ஆபத்தையும் கூட்டிவரும் என்பதை இடையில் சொல்லியாக வேண்டும். பிள்ளை தவழத் தொடங்கும் கிழமையிலேயே மண்ணெண்ணெய்ப் போத்தலை மேலே ஏற்றிவிடுங்கள். நடக்கத் தொடங்கும் முன் கட்டில்லாத கிணற்றுக்கு அடைப்புப் போடுங்கள், தண்ணீர் நிறைந்த வாளியைத் திறந்து வைக்காதீர்கள். கிள்ளி எடுக்கத் தெரிந்த பிள்ளை எதையும் வாயில் போடும். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்காமல் நாம் வருவதில்லை. ஆனால் முழுக் கச்சானை ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும்.

எப்போது, எங்கே, எப்படிப் போவது

மேலே சொன்ன எல்லைகளில் ஏதாவது ஒன்று கடந்துவிட்டால் போக வேண்டும். எல்லை கடக்காவிட்டாலும் உடனே போக வேண்டிய நிலைகள் சில உண்டு: முன்னர் செய்ததைப் பிள்ளை மறந்துவிடுவது, சொன்ன சொற்களைச் சொல்லாமல் விடுவது, உடம்பு விறைத்தோ துவண்டோ இருப்பது, கண் ஒரு பக்கம் இழுபடுவது, கண்மணியில் வெள்ளை தெரிவது, திடீர் திடீரெனத் தலையைக் குனிந்து கைகால்களை அள்ளிப் பிடிப்பதுபோல் தொடர்ச்சியாகச் செய்வது. கடைசியில் சொன்னது வலிப்பாக இருக்கலாம். அதை வயிற்றுக்குத்து என்று எண்ணி நாட்களைக் கடத்திவிடாமல், காணொளி எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் முதல் வாசல் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அந்த அதிகாரி மாவட்டப் பொது வைத்தியசாலையில் உள்ள குழந்தை நல வைத்திய நிபுணரிடமும் அனுப்புவார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் இந்த ஒழுங்கு ஒன்றே. அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் இல்லை. தடுப்பூசிக்கு எப்படியும் போக வேண்டிய நாட்களான 2, 4, 6, 9, 12, 18 மாதங்களையும் மூன்று வயதையும் விருத்தியைப் பற்றிக் கேட்கும் நாட்களாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்டு அழுகை அடக்கும் அவசரத்தில் கேள்வி மறந்துபோகும், ஆகவே வரிசையில் நிற்கும்போதே கேட்டுவிடுங்கள். "பிள்ளை சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "பார்ப்பம்" என்ற பொதுவான பதில்தான் கிடைக்கும். "பதினான்கு மாதம், பத்து மாதத்தில் சொன்ன மாமாமா இப்போது இல்லை, பின்னால் நின்று கூப்பிட்டால் ஐந்து தடவையில் ஒரு தடவைதான் திரும்புகிறான், இதோ காணொளி" என்று சொன்னால் எந்த வைத்தியரும் நிமிர்ந்து கேட்பார். கிளினிக் கொப்பியையும், பிறந்தபோது தந்த வைத்தியசாலைத் துண்டையும் கொண்டு போங்கள். நாள் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பவர் அம்மம்மா என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு விடை அவரிடம்தான் இருக்கும்.

அங்கே பயிற்சி சொல்லித் தந்தால், சொல்லித் தருபவரையே அதைச் செய்து காட்டும்படி கேட்டு, உங்கள் கையாலும் ஒரு தடவை செய்து சரி பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சுச் சிகிச்சையாளரையோ இயன்மருத்துவரையோ மாதத்தில் ஒரு தடவை காண்பதே இங்கே பலருக்கு இயலும் காரியம். மிச்ச நாட்களின் பயிற்சி பாயிலும் முற்றத்திலும் சோறு தீத்தும் வேளையிலும் நடக்க வேண்டும். "இப்போதைக்குப் பயமில்லை" என்று சொல்லி அனுப்பினால், எத்தனை கிழமையில் எது வர வேண்டும், வராவிட்டால் எந்தத் திகதியில் திரும்ப வர வேண்டும் என்ற இரண்டையும் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டே பஸ் ஏறுங்கள்.